மோட்டார்ஹோம் கூரை ஏசி சரியாகக் குளிரவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதியம் இரண்டு மணி. தலைக்கு மேலே ஏசி இரைந்துகொண்டே இருக்கிறது. தெர்மோஸ்டாட்டை 22-ல் வைத்திருக்கிறோம். உள்வெப்பமோ 30-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. மோட்டார்ஹோம் (வீடுபோலத் தங்கிப் பயணிக்கும் வண்டி) வைத்திருக்கும் யாருக்கும் இப்படி ஒரு மதியம் வாய்த்திருக்கும். உடனே மனதில் வருவது இரண்டு எண்ணங்கள்: "கேஸ் தீர்ந்துபோச்சு", "இதைவிடப் பெரிய ஏசி போடணும்". பெரும்பாலும் இரண்டுமே தப்பு. ஏசி குளிரை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கும். அது நம்மிடம் வந்து சேர்வதற்குள் வழியிலேயே ஒழுகிப்போகிறது, இல்லையென்றால் அது வெளியேற்றுவதைவிட வேகமாக வெயில் உள்ளே வருகிறது. கடைக்குப் போவதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடலாம்.

கோளாறு ஏசியிலா, வெயிலிலா? எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். ஏசியை முழு வேக ஃபேனில் 20 நிமிடம் ஓட விடுங்கள். காற்றை உள்ளே இழுக்கும் கிரில்லில் தெர்மாமீட்டரைப் பிடித்து ஒரு அளவு எடுங்கள். ஏசிக்கு மிக அருகே உள்ள வென்ட்டில், குளிர்காற்று நேரே படும்படி பிடித்து இன்னொரு அளவு எடுங்கள். இரண்டுக்கும் இடையே 9 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. ஈரப்பதம் மிக அதிகமான நாளில் 8 டிகிரி வந்தாலும் குறை சொல்ல முடியாது. சக்தியில் ஒரு பகுதி தண்ணீர் பிரிப்பதற்கே போய்விடும். 5, 6 டிகிரிதான் வருகிறதென்றால் கூரை மேலுள்ள ஏசியைக் கவனிக்க வேண்டும். 14, 15 வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். காற்று போதுமான அளவு ஓடவில்லை என்று அர்த்தம், ஃபில்டர் அடைத்திருக்கும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். பார்க்க வேண்டியது வித்தியாசத்தை, வென்ட்டில் வரும் காற்றின் வெப்பத்தை மட்டும் அல்ல. வண்டிக்குள் 37 டிகிரி இருக்கும்போது வென்ட்டில் 26 டிகிரிக் காற்று வந்தால் அது கோளாறு இல்லை. 11 டிகிரி குறைத்துத்தான் தருகிறது. உள்ளே வெப்பம் இறங்க இறங்க வென்ட் காற்றும் இறங்கும். அது இறங்காமல் அங்கேயே நின்றால், கேள்வியை ஏசியிடம் கேட்கக் கூடாது, ஜன்னலிடம் கேட்க வேண்டும்.

அளவு எடுத்த கையோடு கடைசி வென்ட்டிலும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். முதல் வென்ட்டுக்கும் கடைசி வென்ட்டுக்கும் 3 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் டக்ட்டில் (கூரைக்குள் குளிர்காற்றைக் கொண்டுபோகும் குழாயில்) எங்கோ ஓட்டை இருக்கிறது, அல்லது டக்ட் சூடான கூரையில் வெந்துகொண்டிருக்கிறது.

"கூரை ஏசி வெளிவெப்பத்தைவிட 11 டிகிரிதான் குறைக்கும்" என்கிறார்களே?

மேலே சொன்ன அளவைத் தவறாகப் புரிந்துகொண்டதால் கிளம்பிய பேச்சு இது. 11 டிகிரி என்பது உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் உள்ள இடைவெளி. வெளிவெப்பத்துக்கும் உள்வெப்பத்துக்கும் இடையே இத்தனைதான் என்று ஒரு எல்லை கிடையாது. நிழலும் நல்ல காப்பும் உள்ள வண்டி 15 டிகிரிகூட இறங்கும். முன்கண்ணாடி வெயிலைப் பார்த்தபடி நிற்கும் வண்டி 6 டிகிரி இறங்கவே திணறும்.

ஒன்று மட்டும் உண்மை. ஏசியின் மேல் எழுதியிருக்கும் பி.டி.யு கணக்கு, அதாவது மணிக்கு எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்ற அளவு, வெளியே 35 டிகிரியும் உள்ளே 27 டிகிரியும் இருக்கும்போது அளந்தது. வெளியே 43 ஆனால் அதே ஏசி அத்தனை குளிர் தராது, ஆனால் மின்சாரம் அதிகம் இழுக்கும். கன்டென்ஸர் (வெப்பத்தை வெளியே விடும் காயில்) தன் வெப்பத்தைச் சூடான காற்றில் கொட்ட வேண்டியிருப்பதால் வரும் சங்கடம் அது.

ஃபில்டரை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

தினமும் ஓடினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நாயோ பூனையோ வண்டியில் இருந்தால் வாரம் ஒருமுறை. சோப்புத் தண்ணீரில் அலசி, முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட வேண்டாம். ஃபில்டரைக் கழுவுவது ஐந்து நிமிட வேலை, காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் காயிலைக் கழுவுவது ஒரு நாள் வேலை.

குளிர்காற்று அறைக்கே வராமல் ஏசிக்குள்ளேயே திரும்பிப் போகிறதாம். உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படியுங்கள்.

கூரையில் ஏசிக்காக வெட்டியிருப்பது 14 அங்குலத்துக்கு 14 அங்குலச் சதுர ஓட்டை. சூடான காற்று மேலே போவதும் குளிர்ந்த காற்று கீழே வருவதும் அந்த ஒரே ஓட்டை வழியாகத்தான். இரண்டையும் பிரிப்பது நடுவே நிற்கும் ஒரு தடுப்பு, அவ்வளவுதான். மெல்லிய தகடு, ஃபோம், சில வண்டிகளில் ஃபாயில் ஒட்டிய அட்டை என்று அது எதுவாகவும் இருக்கலாம். கூரையின் தடிமன் வண்டிக்கு வண்டி மாறும்; தடுப்போ பொதுவான அளவில் செய்து வருவது. பொருத்துகிறவர் அவசரத்தில் இருந்தால் ஓரத்தில் ஒரு விரல் நுழையும் இடைவெளியை அப்படியே விட்டுவிட்டு கிரில்லை மூடிப் போய்விடுவார். மூடிய பிறகு யாருக்குத் தெரியும்?

ஃபேன் குளிர்காற்றை அழுத்தித் தள்ளுகிறது. பக்கத்திலேயே அதே ஃபேன் காற்றை உறிஞ்சவும் செய்கிறது. நடுவில் இடைவெளி கிடைத்தால் காற்று நீண்ட டக்ட் வழியாகப் படுக்கையறை வரை ஏன் போகப்போகிறது? குறுக்கே திரும்பி உள்ளேயே போய்விடும். இதில் இரட்டை நஷ்டம். அறைக்குக் குளிர் வராது. ஏற்கெனவே குளிர்ந்த காற்றே மறுபடி காயிலில் படுவதால் காயில் உறைந்து ஐஸ் கட்டும். தெர்மோஸ்டாட்டின் சென்ஸர் ஏசியிலேயே இருக்கும் வண்டிகளில் இன்னொரு கூத்தும் நடக்கும்: அறை வெந்துகொண்டிருக்க, சென்ஸர் மட்டும் குளிர்ந்துபோய் கம்ப்ரஸரை நிறுத்திவிடும்.

என் வண்டியில் கிரில்லைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஒரு பக்க டக்ட்டின் வாயில் பாதி, கூரைப் பலகைகளுக்கு நடுவே இருந்த காலியிடத்துக்குத் திறந்திருந்தது. வாங்கிய நாளிலிருந்து அந்தக் காலியிடத்தைத்தான் குளிர்வித்திருக்கிறேன். மூன்று வருடம். ஒரு சுருள் டேப்பும் அரை நாளும் செலவழித்தேன். அன்று இரவு படுக்கையறையில் போர்வை தேட வேண்டியதாயிற்று.

செய்யும் முறையில் ரகசியம் ஒன்றும் இல்லை. முதலில் பிரேக்கரை அணைத்து, வெளி மின்இணைப்பையும் பிடுங்குங்கள்; தெர்மோஸ்டாட்டை மட்டும் அணைத்தால் போதாது. கிரில்லைக் கழற்றி, தடுப்பின் நான்கு ஓரங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். தூசியும் பிசுக்கும் போக ஸ்பிரிட்டில் துடைத்து உலர விடுங்கள். பிறகு அலுமினிய ஃபாயில் டேப்பால் ஒவ்வொரு சந்தையும் ஒட்டி, விரல் நகத்தால் அழுத்தித் தேய்த்து விடுங்கள். சாம்பல் நிறத் துணி டேப்பை இங்கே தொடாதீர்கள்; குளிரும் ஈரமும் மாறி மாறிப் பட்டு ஒரே பருவத்தில் பசை விட்டுத் தொங்கும். பெரிய இடைவெளியென்றால் கெட்டியான ஃபோம் ஷீட்டை அளவாக வெட்டிச் செருகி அதன் மேல் டேப் ஒட்டலாம். டக்ட் தொடங்கும் வாயையும், கூரை வெட்டப்பட்டிருக்கும் மரம் அல்லது ஃபோம் ஓரங்களையும் மறக்க வேண்டாம். காயிலில் செருகியிருக்கும் மெல்லிய சென்ஸர் கம்பியை மட்டும் இழுத்துவிடாதீர்கள். காயில் உறையாமல் காப்பது அதுதான்.

டக்ட்டிலும் ஒழுகுமா?

ஒழுகும். ஒவ்வொரு வென்ட்டையும் கழற்றி உள்ளே எட்டிப் பாருங்கள். கூரைத் தட்டிக்கும் டக்ட்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் ஃபாயில் டேப்பை உள்பக்கமாக மடித்து ஒட்டுங்கள். டக்ட் கடைசி வென்ட்டோடு நிற்காமல் அதைத் தாண்டி ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் வெறுமனே நீண்டு கிடப்பதும் உண்டு. அதன் நுனி சரியாக மூடப்பட்டிருக்காது. கடைசி வென்ட்டுக்கு அடுத்தாற்போல் ஒரு ஃபோம் துண்டைச் சரிவாகச் செருகி அடைத்தால் காற்று முட்டித் திரும்பிக் கீழே இறங்கும்.

ஆளில்லாத அறையின் வென்ட்டை மூடினால் மற்ற அறை நன்றாகக் குளிருமே?

ஒன்றிரண்டை மூடலாம். பாதியை மூடினால் காற்றோட்டம் குறைந்து காயில் உறையத் தொடங்கும். அறைக் கதவை மூடி, வென்ட்டைப் பாதி திறந்து வைப்பது நல்லது. ஏசிக்கு நேர்கீழே "விரைவுக் குளிர்" வென்ட் இருந்தால், வண்டி கொதித்துக் கிடக்கும்போது அதைத் திறந்து விடுங்கள். டக்ட்டின் தடை இல்லாமல் காற்று கொட்டும்.

காயிலில் ஐஸ் கட்டியிருக்கிறது. ஏசி ரொம்ப நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தமா?

நேர்மாறு. ஐஸ் ஒரு போர்வை. அது மூடிய பிறகு காயிலுக்கும் காற்றுக்கும் தொடர்பே இல்லை. கம்ப்ரஸரை நிறுத்தி, ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட விட்டு உருக்குங்கள். கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ சுரண்ட வேண்டாம், காயில் துளைத்தால் ஏசியே போச்சு. உருகிய பின் காரணத்தைத் தேடுங்கள்: அழுக்கு ஃபில்டர், மூடிய வென்ட்டுகள், குளிர்காற்று குறுக்கே திரும்புவது, ஈரமான இரவில் ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைத்து தெர்மோஸ்டாட்டை 18-க்குத் தள்ளியது. இவை எதுவும் இல்லையென்றால் மட்டும் கேஸ் குறைவைச் சந்தேகிக்கலாம்.

அப்படியானால் கேஸ் நிரப்பினால் சரியாகிவிடுமா?

கார் ஏசிபோல இதை நினைக்கக் கூடாது. காரில் ரப்பர் குழாய்களும் இணைப்புகளும் இருப்பதால் கேஸ் மெல்லக் கசியும். கூரை ஏசியின் குழாய்கள் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடப்பட்டவை, வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி. பெரும்பாலானவற்றில் கேஸ் ஏற்றும் வால்வே இருக்காது. கேஸ் தானாகக் குறையாது; குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் குழாயில் வால்வு குத்தி கேஸ் ஏற்றுகிறேன் என்று ஒருவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32 எல்லாம் வேறு வேறு அழுத்தத்தில் ஓடுபவை, ஒன்றில் இன்னொன்றைக் கலக்க முடியாது. அந்த வேலைக்கு ஆகும் செலவு பல நேரம் புது ஏசி விலையை எட்டிப் பார்க்கும்.

கூரை மேல் ஏறினால் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் உங்கள் காலடியை. பிரேக்கரை அணைத்துவிட்டு, காய்ந்த கூரையில், காலையில் ஏறுங்கள்.

பிளாஸ்டிக் மேல்மூடியைக் கழற்றினால் பின்பக்கம் கன்டென்ஸர் காயில் தெரியும். குளவிக் கூடு, சருகு, பஞ்சு, சாலைப் புழுதி எல்லாம் அங்கே குடியிருக்கும். மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, உள்ளிருந்து வெளியே போகும்படி மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். வயர் இணைப்புகளைப் பிளாஸ்டிக் பையால் மூடிக்கொள்ளுங்கள். உயர் அழுத்தத் தண்ணீர்த் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். மெல்லிய அலுமினியத் தகடுகள் அப்படியே படுத்துவிடும். ஏற்கெனவே படுத்தவற்றை ஃபின் சீப்பால் நிமிர்த்தலாம்.

அடுத்து, அதிகம் பேர் பார்க்காத இடம். மேல்மூடிக்குள் எவாப்பரேட்டர் தனியாக ஒரு தகடு மூடிக்குள் இருக்கும். அந்த மூடியின் சந்துகளில் ஒட்டிய ஃபோம் பட்டை சில வருடத்தில் பொடிப்பொடியாகிவிடும். மேல்மூடிக்குள் தேங்கும் காற்றோ அடுப்புச் சூடு. அது அந்தச் சந்துகள் வழியே குளிர்ப் பக்கம் கலக்கும். சந்துகளை ஃபாயில் டேப்பால் அடைத்து, தகடு மூடியின் மேல் ஃபாயில் ஒட்டிய காப்பு ஷீட் ஒன்றையும் போர்த்துங்கள். கன்டென்ஸருக்குக் காற்று வரும் வழியையும் போகும் வழியையும் மட்டும் விட்டுவிடுங்கள். மேல்மூடியின் உள்ஓரத் தடுப்புகள் உடைந்திருந்தால் கன்டென்ஸர் தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். வெயிலில் வெடித்த மேல்மூடியை மாற்றச் சொல்வது அழகுக்காக அல்ல.

மழை நாளில் ஏசி வழியாகத் தண்ணீர் சொட்டுகிறது. குளிருக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஏசி உட்கார்ந்திருக்கும் ஃபோம் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் வந்தால் சூடான காற்றும் வரும். உள்ளிருந்து நான்கு நீளமான போல்ட்டுகள் ஏசியைக் கூரையோடு பிடித்திருக்கும். பயணக் குலுக்கலில் அவை தளரும். ஒரு அங்குலத் தடிமனுள்ள கேஸ்கெட் ஏறக்குறைய அரை அங்குலமாக அமுங்கும் வரை, மூலைக்கு மூலை மாறி மாறிச் சமமாக முறுக்குங்கள். அதற்கு மேல் முறுக்கினால் கேஸ்கெட் நசுங்கி உயிர்ப்பை இழக்கும், கூரையும் வளையும். ஏற்கெனவே காய்ந்து தட்டையாகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். கேஸ்கெட்டைச் சுற்றி வெளியே சீலன்ட் பூச வேண்டாம். ஏசியின் சொந்தத் தண்ணீர் வடியும் வழியை அது அடைத்துவிடும்.

வெயில் நாளிலும் சொட்டினால் வடிகால் தட்டின் துளை அடைத்திருக்கும், அல்லது வண்டி சரிந்து நிற்கும்.

மாலையில் மட்டும் ஏசி தடுமாறுகிறது. ஏன்?

வோல்டேஜைப் பாருங்கள். சுற்றியுள்ள எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் ஏசி போட்டால் நிறுத்துமிடத்தின் மின்வழியில் வோல்டேஜ் சரியும். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடாதபோது எல்லா பிளக்கும் நல்ல பிள்ளைதான். 120 வோல்ட் அமைப்பில் 108-க்குக் கீழேயோ, 230 வோல்ட் அமைப்பில் 207-க்குக் கீழேயோ இறங்கினால் ஏசியை நிறுத்துங்கள். வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரஸர் அதிக ஆம்பியர் இழுக்கும், சூடேறும், பாதுகாப்புச் சுவிட்ச் தட்டும். இது திரும்பத் திரும்ப நடந்தால் கம்ப்ரஸரின் ஆயுள் போகும்.

நிறுத்துமிடத்தைக் குறை சொல்லும் முன் உங்கள் வயரையும் பாருங்கள். நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் வோல்டேஜைத் தின்னும். மீந்த நீளத்தைச் சுருட்டி வைத்தால் சுருளே சூடாகும். அரை மணி ஓடிய பின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் முனை கருகிக்கொண்டிருக்கிறது. அதைக் குளிர் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம், தீ பிடிக்கும் பிரச்சினை.

120 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பில் மொத்தமே 3,600 வாட். ஏசி அதில் பாதிக்குச் சற்று முன்பின்னாக எடுத்துக்கொள்ளும். வாட்டர் ஹீட்டரும் மைக்ரோவேவும் அதே நேரம் ஓடினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை, பிரேக்கரே சொல்லிவிடும்.

கம்ப்ரஸர் "ம்ம்ம்" என்று முனகிவிட்டு நின்றுவிடுகிறதே?

கம்ப்ரஸர் கிளம்ப உதவும் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம். மேலே அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்ற வேண்டும், மலிவான பொருள்தான். ஆனால் மின்சாரத்தை அணைத்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதைப் பாதுகாப்பாக இறக்கத் தெரியாதவர் தொட வேண்டாம். இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு: நிறுத்திய உடனே மறுபடி போடுவது. உள் அழுத்தம் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும்.

சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் குளிர் கூடுமா?

கூடாது. கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் இழுக்கும் பெரிய மின்னோட்டத்தை அது பாதிக்கும் கீழே குறைக்கும், அவ்வளவுதான். சிறிய ஜெனரேட்டரிலோ இன்வெர்ட்டரிலோ ஓட்டுபவருக்கு அருமையான சாதனம். தடித்த வயரில் நேரே செருகி ஓட்டுபவருக்கு வித்தியாசமே தெரியாது.

முன்கண்ணாடியை மறைப்பது அவ்வளவு முக்கியமா?

ஒரு கணக்குப் போடுவோம். 13,500 பி.டி.யு ஏசியின் முழுக் குளிர்ச்சித் திறன் சுமார் 4,000 வாட். நேரே விழும் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட். பெரிய வண்டியின் முன்கண்ணாடி இரண்டரைச் சதுர மீட்டர் என்று வைத்து, சாய்வும் கண்ணாடியும் தடுத்ததுபோக அதில் பாதி உள்ளே வந்தாலும் 1,250 வாட். ஏசியின் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு கண்ணாடிக்கே தாரை வார்க்கப்படுகிறது.

மறைப்பை வெளிப்பக்கம் போடுங்கள். உள்பக்கம் பளபளக்கும் ஷீட் மாட்டினாலும் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது. கண்ணாடிக்கும் ஷீட்டுக்கும் நடுவே சூடு தேங்கி அறைக்குள்தான் இறங்கும். வெளியே போட்டால் கண்ணாடியைத் தொடும் முன்பே நின்றுவிடும். அது முடியாதென்றால், ஓட்டுநர் இருக்கைகளுக்குப் பின்னால் கனமான திரை ஒன்றைக் கூரை முதல் தரை வரை தொங்கவிட்டு, முன்பகுதியைக் கைவிட்டுவிடுங்கள். ஏசி குளிர்விக்க வேண்டிய இடமும் குறையும்.

வண்டியை நிறுத்தும்போதே முன்கண்ணாடி மேற்கு பார்க்காமல் நிறுத்துங்கள். துணிப்பந்தல் இருக்கும் பக்கம் மாலை வெயிலைப் பார்க்கட்டும். கூரை ஜன்னல்களின் ஒற்றைப் பிளாஸ்டிக் மூடி வழியே சூடு கொட்டும்; அந்தச் சதுரத்துக்கு அளவான தடித்த ஃபோம் மெத்தையைச் செருகுங்கள்.

உள்ளே சமைப்பதால் எவ்வளவு கெடும்?

நினைப்பதைவிட அதிகம். 100 கிராம் சமையல் கேஸ் எரிந்தால் வரும் வெப்பத்தை வெளியேற்ற 13,500 பி.டி.யு ஏசி சுமார் 20 நிமிடம் முழு மூச்சில் ஓட வேண்டும். தண்ணீர்க் கணக்கு தனி. கேஸ் எரியும்போதே நீராவி உண்டாகிறது: ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல். கொதிக்கும் பாத்திரத்திலிருந்து வருவது அதற்கு மேல். காற்றிலிருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரித்து வெளியே விட ஏசி சுமார் 10 நிமிடத் திறனைச் செலவழிக்கிறது. குளித்த பிறகு, துணி உலர்த்திய பிறகு எல்லாம் இதே கதைதான். சமைக்கும்போதும் குளிக்கும்போதும் அந்த இடத்து வெளியேற்றும் ஃபேனை ஓட்டி, முடிந்ததும் மறக்காமல் மூடுங்கள். ஏசி ஓடும்போது திறந்து கிடக்கும் ஃபேன் குளிர்காற்றை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். முடிந்தால் அடுப்பையே வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

ஃபேனை "ஆட்டோ"வில் வைப்பதா, "ஆன்"-லா?

வறண்ட ஊரில் "ஆன்". காற்று சுற்றிக்கொண்டே இருப்பதால் எல்லா மூலையும் சமமாகக் குளிரும். ஈரமான ஊரில் "ஆட்டோ". கம்ப்ரஸர் நின்ற பிறகும் ஃபேன் ஓடினால் காயிலில் தொங்கும் தண்ணீரை மறுபடி ஊதி அறைக்குள்ளேயே விட்டுவிடும். 25 டிகிரியிலும் உடம்பு பிசுபிசுப்பது அதனால்தான்.

தெர்மோஸ்டாட்டை 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிருமா?

இல்லை. கம்ப்ரஸருக்கு ஓடுவது, நிற்பது என்ற இரண்டு நிலைதான் தெரியும்; கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை ஏசிகள் மட்டும் விலக்கு. சீக்கிரம் குளிர வேண்டுமென்றால் சீக்கிரம் போட வேண்டும். காலை எட்டு, ஒன்பது மணிக்கே போட்டு, மெத்தை, அலமாரி, தரை எல்லாவற்றையும் குளிரவிட்டால் மதிய வெயிலை ஏசியால் பிடித்து நிறுத்த முடியும். மதியம் வெளியே சுற்றிவிட்டு வந்து போட்டால், முதலில் சூடேறிய ஒவ்வொரு சாமானோடும் அது மல்லுக்கட்ட வேண்டும். வந்தவுடன் எல்லா ஜன்னலையும் திறந்து பத்து நிமிடம் சூட்டை வெளியேற்றிவிட்டு மூடுங்கள்.

கன்டென்ஸர் மேல் தண்ணீர் தெளித்தால்?

அன்றைக்குப் பலன் தெரியும். ஆனால் உப்புத் தண்ணீரும் கடினத் தண்ணீரும் தகடுகளில் வெள்ளைப் படிவமாக ஒட்டி, அடுத்த வருடம் காற்றே போகாமல் அடைக்கும். நான் செய்ய மாட்டேன்.

சோலார் பேனல் போட்டால் கூரைக்கு நிழல் கிடைக்குமே?

கிடைக்கும், நல்லதும்கூட. கூரைக்கும் பேனலுக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி விடுங்கள். ஏசியின் காற்று நுழையும் பக்கத்தையும் வெளியேறும் பக்கத்தையும் பேனல் மறைக்கக் கூடாது.

அந்த சோலாரிலேயே ஏசியை ஓட்ட நினைப்பவருக்கு ஒரு கணக்கு. 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் இரண்டரை யூனிட். 1,400 வாட் இழுக்கும் ஏசி, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால், அதை ஒன்றரை மணி நேரத்தில் காலி செய்துவிடும். இரவு முழுக்க ஓட வேண்டுமென்றால் கூரையையும் பணப்பையையும் வேறு மாதிரி அளக்க வேண்டும்.

மலையில் ஜெனரேட்டர் ஏசியை இழுக்க மாட்டேன் என்கிறதே?

காற்று மெலிதாவதால் ஜெனரேட்டரின் திறன் 300 மீட்டர் உயரத்துக்கு 3 முதல் 4 சதவீதம் குறையும். 2,000 மீட்டரில் கால் பங்கு காணாமல் போயிருக்கும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் கைகொடுக்கும் இடம் இதுதான்.

இத்தனையும் செய்தாயிற்று. ஏசியை மாற்றலாமா?

காற்று குறுக்கே திரும்பவில்லை, காயில் சுத்தம், வோல்டேஜ் சரி, அப்போதும் வித்தியாசம் 6 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் மாற்றலாம். 14 அங்குலச் சதுர ஓட்டைதான் பரவலான வழக்கம் என்பதால் பெரும்பாலும் புது ஏசி அதே ஓட்டையில் உட்காரும். ஆனாலும் உங்கள் கூரையை அளந்துவிட்டு வாங்குங்கள். உள்பக்கத்து கிரில் பெட்டியும் தெர்மோஸ்டாட்டும் புதியதோடு பொருந்துமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வேறு கம்பெனி என்றால் அவற்றையும் சேர்த்து வாங்க வேண்டிவரும். 13,500-லிருந்து 15,000 பி.டி.யு-வுக்குப் போனால் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்கு கூடுதல் குளிர்தான். ஒழுகும் தடுப்பு ஒன்றே அதைவிட அதிகம் தின்றுவிடும். பொருத்துகிறவர் பழைய ஏசியைத் தூக்கி ஓரம் வைத்ததும், புதியதை இறக்கும் முன் ஒரு பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, திறந்து கிடக்கும் அந்தச் சதுரத்தின் ஓரங்களில் ஃபாயில் டேப்பை நீங்களே ஒட்டிவிடுங்கள். அந்த இடம் மறுபடி அப்படித் திறந்து கிடைக்கப் பல வருடம் ஆகும்.